அமெரிக்கக் கலாசாலைகளின் பந்தும் பங்கும்

கல்வி நிலையங்களில் விளையாட்டு எதன் பொருட்டு அமைந்தது என்று ஒருவர் வினவின், உடல் உரம் பெறுதற்கும், பலரோடு கூடி ஒழுகும் பண்பு வளர்தற்கும் என்று எளிதில் விடையிறுத்து விடுவோம். அவ்விடை பிழையன்று. ஆயினும், அவ்விளையாட்டைக் காண இலட்சம் பேர் ஓர் அரங்கில் திரள்வராயின், கோடிக்கணக்கானோர் தத்தம் இல்லத்திலிருந்தே அதனைக் காண விழைவராயின், அவ்விழைவுக்கு விலை வைத்து விற்கவும் கூடுமாயின், முன் கூறிய விடை மாறாது நிற்குமோ? இவ்வினாவை நெடுங்காலமாகத் தலைமேற் சுமந்து நிற்பன அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கலாசாலைகள். அந்நாட்டுக் கலாசாலைக் கால்பந்தில் வாகை சூடுவோரைத் தேரும் முறையும், கலாசாலைகள் கூடி அமைத்த சங்கங்களின் இயல்பும், ஒளிபரப்புரிமையால் வரும் பொருளும் ஆகிய மூன்றனையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம். மூன்றும் வெவ்வேறு செய்திகள்போலத் தோன்றினும், அவை ஒரே கயிற்றின் மூன்று புரிகள். ஒன்றை இழுப்பின் ஏனைய இரண்டும் உடன் வரும்.

ஆட்டமும் அதன் தோற்றமும்

நம் நாட்டில் கால்பந்து என்றால் உருண்டைப் பந்தைக் காலால் உதைத்து ஆடுவதே. அமெரிக்கர் அப்பெயரால் வழங்குவது வேறோர் ஆட்டம். அதன் பந்து இரு முனையும் கூரிய நீளுருண்டை வடிவினது. அதனைக் கையிலேந்தி ஓடலாம். முன்னோக்கி எறியவும் செய்யலாம். பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். நூறு கெஜ நீளமுள்ள களத்தில், பந்தை உடைய பக்கத்தார் நான்கு முயற்சிக்குள் பத்துக் கெஜமேனும் முன்னேறல் வேண்டும். தவறின் பந்து மாற்றார் கைப்படும். எதிர்ப்பக்கத்தார் பந்தேந்தி வருவானை மோதி வீழ்த்துவர். ஆதலின் தலைக்காப்பும் தோட்காப்பும் அணிந்தே களம் புகுவர்.

கலாசாலைகளுக்கிடையே நிகழ்ந்த முதற் பந்தயம் என்று கொள்ளப்படுவது, 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் நியூ ஜெர்சி மாகாணத்தில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கலாசாலையார் ஆடியது. ரட்கர்ஸ் 6க்கு 4 என்ற கணக்கில் வென்றது. அன்று பக்கத்துக்கு இருபத்தைவர் ஆடினர். பந்தைக் கையிலேந்தி ஓடும் வழக்கமும் அன்று இல்லை. பின்னர் ஆட்டம் மாறிற்று. மாறுந்தோறும் முரட்டுத்தன்மை மிகுந்தது. மாணாக்கர் சிலர் களத்திலேயே உயிர் துறக்கும் நிலையும் நேர்ந்தது. 1905ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய கலாசாலைகளின் பிரதிநிதிகளைத் தம் மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைச் சீர்திருத்துமாறு வற்புறுத்தினார். அடுத்த ஆண்டே விதிகள் மாற்றப்பட்டன. கலாசாலைகள் பல கூடி ஒரு பொது அமைப்பையும் நிறுவின. 1910 முதல் தேசியக் கலாசாலை விளையாட்டு மன்றம் என்று பொருள்படும் பெயரால் வழங்குவது அதுவே. அதனைத் தேசிய மன்றம் என்றே இனிச் சுருங்கக் கூறுவோம்.

இம்மன்றத்தைப் பற்றி ஒரு செய்தியை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஏனைய விளையாட்டுக்கள் பலவற்றில் தேசிய வாகைப் போட்டியை நடத்துவது அம்மன்றமே. உயர்நிலைக் கால்பந்தில் மட்டும் அவ்வுரிமை அதற்கு என்றும் இருந்ததில்லை. அங்கே ஆட்சி செலுத்துவன சங்கங்களே.

சங்கங்களின் அமைப்பு

சங்கம் என்று யாம் குறிப்பது, அமெரிக்கர் கான்பரன்ஸ் என வழங்கும் கூட்டமைப்பை. புகைவண்டியில் சென்று ஆடிய அக்காலத்தில், அண்மையிலுள்ள கலாசாலைகள் சில ஒன்று கூடி, ஆண்டுதோறும் தம்முள் ஆடுதற்கு நாள் குறித்துக்கொண்டன. ஆட்டக்காரர் உண்மையான மாணாக்கர்தாமா என்று ஆராய விதிகளும் வகுத்துக்கொண்டன. இவ்வாறு 1896இல் நடுமேற்குப் பகுதியில் தோன்றியது பின்னர் ‘பிக் டென்’ எனப் பெயர் பெற்றது. பெரிய பத்து என்பது அதன் பொருள். 1915இல் பசிபிக் கடற்கரையிலும், 1932இல் தென்கிழக்கிலும், 1953இல் அட்லாண்டிக் கடற்கரையிலும் சங்கங்கள் எழுந்தன. அவற்றின் பெயர்களே அவை நிலத்தை ஒட்டிப் பிறந்தவை என்பதைக் காட்டும். அண்டை ஊராரோடு ஆண்டுதோறும் ஆடுவதிற் பிறக்கும் பகையும் நட்பும் கலந்த உரிமையுணர்ச்சியே அவற்றின் உயிர்நிலை.

வாகை சூடுவோர் யார்?

சங்கத்துக்குள் முதல்வர் யார் என்பதை ஆட்டமே காட்டிவிடும். நாடு முழுதிலும் முதல்வர் யார் என்பதோ எளிதில் தீரும் வழக்கன்று. உயர்நிலையில் ஆடும் கலாசாலைகள் நூற்று முப்பதுக்கு மேற்பட்டவை. ஒவ்வொன்றும் ஓர் ஆண்டில் ஆடுவது பன்னிரண்டு பந்தயமே. ஆதலின் எல்லாரும் எல்லாரோடும் ஆடிப் பார்த்தல் இயலாது.

பண்டு இவ்வழக்கைத் தீர்க்க எவரும் முயன்றிலர். பருவ முடிவில், புகழ் பெற்ற இரு கலாசாலைகளை அழைத்து விழாப் பந்தயம் ஆடச் செய்வதோடு அமைந்தனர். அவற்றுள் மிகப் பழமையானது கலிபோர்னியாவிலுள்ள பசடீனா நகரின் ரோஸ் பவுல். 1902இல் நிகழ்ந்த அதன் முதற் பந்தயத்தில் மிச்சிகன் சர்வகலாசாலை ஸ்டான்போர்டை 49க்கு 0 என வென்றது. 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனம் பத்திரிகையாளரின் வாக்கைத் திரட்டி வரிசைப் பட்டியல் வெளியிடலாயிற்று. 1950 முதல் பயிற்சியாளரும் தமக்கென ஒரு பட்டியல் கண்டனர். பட்டியல் இரண்டாகவே முதல்வரும் சிற்சில ஆண்டுகளில் இருவராயினர். 1997ஆம் ஆண்டுப் பருவத்தில் பத்திரிகையாளர் மிச்சிகனையும், பயிற்சியாளர் நெப்ராஸ்காவையும் முதல்வர் என்றனர். இவ்விரண்டும் தம்முள் ஆடவே இல்லை.

இக்குறை நீங்க 1998இல் புதிய முறையொன்று வந்தது. வாக்குப் பட்டியல்களையும் கணிப்பொறிக் கணக்கையும் சேர்த்து முதல் இருவரைத் தேர்ந்து இறுதிப் பந்தயம் ஆடச் செய்தனர். 2011ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்விருவரும் தென்கிழக்குச் சங்கத்தினராகவே அமைந்தனர். ஏனைய சங்கத்தார் முணுமுணுத்தனர். 2014இல் இருவர் நால்வராயினர். பதின்மூவர் கொண்ட தேர்வுக் குழு அந்நால்வரைத் தெரிந்தெடுத்தது. அம்முறையில் முதல் வாகை சூடியது ஒஹாயோ ஸ்டேட் சர்வகலாசாலை.

பெரிய சங்கங்களோ அப்போது ஐந்து, இடங்களோ நான்கு. ஆண்டுதோறும் ஒரு சங்கமேனும் வாயிலில் நின்றே தீரல் வேண்டும். 2023ஆம் ஆண்டில் அவ்விடர் உச்சம் எய்தியது. அட்லாண்டிக் கரைச் சங்கத்தின் முதல்வராகிய புளோரிடா ஸ்டேட் சர்வகலாசாலை ஆடிய 13 பந்தயங்களிலும் வென்றிருந்தது. எனினும் அதன் பந்தெறியும் தலைவர் காயமுற்றுக் கிடந்தார். அவரின்றி அக்கட்சி முன்போல் வலியதன்று எனக் கருதிய குழுவினர், ஒரு பந்தயத்தில் தோற்றிருந்த அலபாமாவை உள்ளே அழைத்து, ஒன்றிலும் தோலாத புளோரிடா ஸ்டேட்டைப் புறத்தே நிறுத்தினர். களத்தில் வென்றோர், கருத்தளவில் தோற்றோராயினர்.

2024 முதல் இடங்கள் பன்னிரண்டாயின. சங்க முதல்வருள் உயர்ந்த ஐவர்க்கு இடம் உறுதி. எஞ்சிய எழுவரைக் குழுவினர் எச்சங்கத்திலிருந்தும் தெரியலாம். முதல் நான்கு சங்க முதல்வர் முதற் சுற்றில் ஆடாது நேரே இரண்டாம் சுற்றுக்குச் செல்வர் என்றும் விதித்தனர். அவ்வாண்டு அச்சலுகை பெற்ற ஆரெகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் ஆகிய நான்கும் தாம் ஆடிய முதற் பந்தயத்திலேயே தோற்றன. தன் சங்கத்தில் முதல்வராகாது எட்டாம் இடத்திற் புகுந்த ஒஹாயோ ஸ்டேட் வாகை சூடிற்று. அடுத்த ஆண்டில் அச்சலுகையைச் சங்க முதல்வர்க்கென ஒதுக்காது, பட்டியலின் வரிசைப்படியே வழங்கினர். அப்பருவத்தில் நெடுங்காலம் தோல்விக்கே பெயர் பெற்றிருந்த இண்டியானா சர்வகலாசாலை, ஒன்றிலும் தோலாது வந்து, பத்தாம் இடத்திற் புகுந்த மயாமியை 2026 ஜனவரியில் 27க்கு 21 என வென்று முதன்முறையாகத் தேசிய வாகை சூடியது. வாயில் அகன்றதால் விளைந்த நன்மைக்கு இவை சான்று.

தீர்ப்பும் திருப்பமும்

வாயில் அகன்றமைக்கு நீதியுணர்ச்சி மட்டுமே காரணம் என்று கருதுதல் பேதைமையாகும். பந்தயம் மிகுந்தால் ஒளிபரப்பு மிகும். ஒளிபரப்பு மிகுந்தால் பொருள் மிகும். அப்பொருளின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிச் சென்று காண்போம்.

தொலைக்காட்சி தோன்றிய புதிதில் கலாசாலையார் அதற்கு அஞ்சினர். வீட்டிலிருந்தே காணலாமாயின் அரங்கிற்கு வருவார் யார் என்பது அவர்தம் அச்சம். ஆதலின் 1950க்குப் பின் தேசிய மன்றமே ஒளிபரப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை பந்தயமே காட்டலாம் என்று வரையறுத்தது. பிற்காலத்து விதிப்படி, எக்கலாசாலையும் ஈராண்டில் ஆறு முறைக்கு மேல் திரையில் தோன்றலாகாது. 1981இல் ஒருநாள் ஒக்லஹோமாவும் தென் கலிபோர்னியாவும் ஆடிய பெரும் பந்தயத்தை இருநூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் ஒளிபரப்பின. சிட்டடல், அப்பலாச்சியன் ஸ்டேட் என்னும் சிறிய கலாசாலைகள் ஆடிய பந்தயத்தை ஒளிபரப்பியவை நான்கே நிலையங்கள். எனினும் நான்கு கலாசாலைகளும் பெற்ற தொகை ஒன்றே.

இது முறையோ என்று வினவி, ஒக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குத் தொடுத்தன. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எழுவர்க்கு இருவர் என்ற அளவில் தீர்ப்பு வழங்கியது. நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய அத்தீர்ப்பு, மேற்சொன்ன சம பங்கையே வியப்போடு சுட்டிக்காட்டி, தேசிய மன்றத்தின் கட்டுப்பாடு வாணிகப் போட்டியைத் தடுக்கும் செயல் என்று தள்ளியது. மாறுபட்ட இருவருள் ஒருவர் நீதிபதி பைரன் வைட். அவர் இளமையில் கொலராடோ சர்வகலாசாலையின் பெயர் பெற்ற பந்தாட்டக்காரர். கல்வியின் பகுதியாகிய விளையாட்டை வெறும் வாணிகம்போல அளத்தல் தகாது என்பது அவர் கருத்து.

இத்தீர்ப்பால் காண்போர் பயனடைந்தனர் என்பதை மறுத்தற்கில்லை. முன் ஒன்றிரண்டு பந்தயமே கண்டோர் இன்று பல பந்தயங்களைக் காண்கின்றனர். ஆயின் அன்று முதல் உரிமை கலாசாலைகளின் கைக்கு வந்தது. தனித்து விற்பதினும் கூடி விற்பது நலம் என்று கண்ட அவை, அதனைத் தத்தம் சங்கத்தின் கையில் ஒப்படைத்தன. நோட்ர டேம் சர்வகலாசாலை ஒன்றே தனித்து நின்று, 1991 முதல் என்.பி.சி. நிறுவனத்தோடு தனக்கெனவே ஒப்பந்தம் செய்துகொண்டது. பந்தயத்துக்கு நாள் குறிக்கத் தோன்றிய சங்கம் இவ்வாறு பொருள் விற்கும் வாணிகக் குழுவாயிற்று.

பொருளைத் தொடர்ந்த பெயர்ச்சி

தென்கிழக்குச் சங்கம் ஈ.எஸ்.பி.என். நிறுவனத்தோடு 2020இல் செய்த பத்தாண்டு ஒப்பந்தம் 300 கோடி டாலர் பெறுமதி உடையது எனப் பத்திரிகைகள் எழுதின. பிக் டென் சங்கம் 2022இல் மூன்று நிறுவனங்களோடு செய்த ஏழாண்டு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேற்பட்டது என்றன. இவ்விரண்டும் உயர, ஏனைய சங்கத்தாரின் கண்கள் அவற்றின்மேற் சென்றன. டெக்சாசும் ஒக்லஹோமாவும் 2024இல் தென்கிழக்குச் சங்கம் புகுந்தன. கலிபோர்னியாவின் இரு பெருங் கலாசாலைகளும், அவற்றின் வடக்கே ஆரெகன், வாஷிங்டன் என்பனவும் பிக் டென்னில் இணைந்தன. நூறாண்டு கடந்த பசிபிக் சங்கத்தில் எஞ்சி நின்றவை இரண்டே கலாசாலைகள். அவை பின்னர்ப் புதியோரை அழைத்துச் சங்கத்தை மீண்டும் கட்டப் புகுந்தன.

ஈண்டுப் பெயர்களின் நிலை நகைப்புக்குரியது. 2024இல் பெரிய பத்தின் உறுப்பினர் பதினெண்மர். பிக் டுவெல்வ், அதாவது பெரிய பன்னிரண்டு, என்னும் சங்கத்தில் பதினறுவர். பசிபிக் கடலோரத்துப் பெர்க்லியும், அதனை அடுத்த ஸ்டான்போர்டும் அட்லாண்டிக் கரைச் சங்கத்தில்! டல்லாஸ் நகரத்துத் தென் மெதடிஸ்ட் சர்வகலாசாலையோ, ஒன்பது ஆண்டு ஒளிபரப்புப் பங்கு வேண்டா என்று ஒப்பியே அச்சங்கம் புகுந்தது. பெரியோர் வரிசையில் நிற்பதே போதும் என்னும் அளவுக்கு அவ்விடம் அருமையாயிற்று.

நகைப்புக்கு அப்பால் துயரும் உண்டு. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் ஒரே கலிபோர்னியா சர்வகலாசாலையின் இரு கிளைகள். இளையது மிகு பொருள் நாடிப் பிரிந்தமையின், மூத்ததற்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2024இல் ஆட்சிக் குழுவினர் விதித்தனர். பாகப் பிரிவினை போன்றதே இது. மேலும், சங்கம் கால்பந்துக்கு மட்டும் உரியதன்று. ஏனைய விளையாட்டினர் பலரும் அதே சங்கத்தில்தான் ஆடுதல் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் மாணாக்கியர் கைப்பந்தாட, 1869இல் முதற் பந்தயம் வென்ற அந்த ரட்கர்ஸ்வரை 2,400 மைல் பறந்து செல்ல நேரும். அம்மாணாக்கியரின் ஆட்டத்தை எவரும் விலை கொடுத்து வாங்கவில்லை; பாடவேளை இழப்பதோ அவர்கள்.

பங்கு பிரிக்கும் முறை

இப்போது மூன்று புரிகளும் ஒன்றாய் முறுக்கேறுமிடத்தைக் காண்போம். 2024ஆம் ஆண்டு வாகைப் போட்டியில் ஒரு கலாசாலை நுழைந்தாலே 40 இலட்சம் டாலர். இரண்டாம் சுற்று எய்தின் மீண்டும் 40 இலட்சம். அரையிறுதிக்கும் இறுதிக்கும் ஒவ்வொன்றுக்கு 60 இலட்சம். இத்தொகை சென்றது கலாசாலையின் கைக்கன்று. அதன் சங்கத்தின் கைக்கு. எனவே குழுவினர் ஒரு பெயரை எழுதி ஒரு பெயரை விடுங்கால், ஒரு சங்கத்தின் கருவூலத்தையே திறக்கின்றனர் அல்லது அடைக்கின்றனர்.

அப்போட்டியின் ஒளிபரப்புரிமைக்கு 2026 முதல் ஆறாண்டுக்கு ஈ.எஸ்.பி.என். நிறுவனம் ஒப்புக்கொண்ட தொகை ஏறத்தாழ 780 கோடி டாலர். வெளிவந்த செய்திகளின்படி, அதன் பங்கீட்டில் பிக் டென், தென்கிழக்கு ஆகிய இரு சங்கங்களுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 29 வீதம் 58. அட்லாண்டிக் கரைச் சங்கத்துக்கு 17. பெரிய பன்னிரண்டுக்கு 15. எஞ்சிய சிறு சங்கங்களைச் சேர்ந்த அறுபது கலாசாலைகள் அளவில் ஒன்பதைப் பகுத்துக்கொள்ளல் வேண்டும். 2025ஆம் ஆண்டுப் போட்டியில் டுலேன், ஜேம்ஸ் மாடிசன் என்னும் சிறு சங்கத்துக் கலாசாலைகள் இரண்டு நுழைந்தன; இரண்டும் முதற் சுற்றிலேயே தோற்றன. அவற்றுக்கு இடம் ஏன் என்று உடனே கேட்டோர் பலர். வலியார்க்கே பொருள் சேர, எளியார் தோற்க, அத்தோல்வியையே காட்டி அவர்க்கு வாயிலை அடைக்கச் சொல்லுதல் எத்தகைய நியாயம் என்பதைப் படிப்போரே தெளிக.

புறத்தே நிறுத்தப்பட்ட புளோரிடா ஸ்டேட்டின் கதை இன்னும் முடியவில்லை. 2023 டிசம்பரிலேயே அது தன் சங்கத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. தோலாத கட்சிக்கே இடம் பெற்றுத் தராத சங்கத்தில், 2036 வரை ஒளிபரப்புரிமையை ஒப்படைத்துக் கட்டுண்டிருப்பது ஏன் என்பது அதன் முறையீடு. கிளெம்சன் சர்வகலாசாலையும் அவ்வழி சென்றது. 2025 மார்ச்சில் வழக்குகள் உடன்படிக்கையால் தீர்ந்தன. அவ்வுடன்படிக்கையின் சாரம் யாதோ எனின், சங்கத்தின் வருவாயில் ஒரு பகுதியை, எந்தக் கலாசாலையின் ஆட்டத்தை எத்தனை பேர் காண்கின்றனரோ அவ்வளவுக்குத் தக்கபடி பகுப்பது என்பதே. இருநூறு நிலையத்தார்க்கும் நான்கு நிலையத்தார்க்கும் ஒரே பங்கு என்றிருந்த 1981ஆம் ஆண்டிலிருந்து அவர்கள் நடந்து வந்த தொலைவை இதனால் அளக்கலாம். முன்பு நாடு முழுதும் சமம். பின்பு சங்கத்துக்குள் சமம். அதன்பின் சங்கத்துக்குள்ளும் சமமில்லை.

ஆடுவோர் நிலை

இத்துணைப் பொருளும் யாருடைய உழைப்பால் வந்ததோ அவர்கள் நெடுங்காலம் உபகாரச் சம்பளமும் உண்டியுறையுளுமே பெற்று வந்தனர். மாணாக்கர் கூலி பெறலாகாது என்பது தேசிய மன்றத்தின் பழைய விதி. விதி உயர்ந்ததே, எனினும் பயிற்சியாளர் கோடிகளைப் பெறுங்கால், ஆடுவோர்க்கு மட்டும் துறவறம் போதித்தல் பொருந்துமோ? 2021இல் அவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு உதவிப் பொருளீட்டலாம் என்று இசைவு கிடைத்தது. 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கையால், முன்னாள் ஆட்டக்காரர்க்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈடு வழங்கவும், கலாசாலைகளே முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை ஆடுவோர்க்கு நேரே பகிரவும் வழி பிறந்தது. உழைப்போர் பங்கு பெறுதல் அறமே. ஆயின், மாணாக்கனா ஊழியனா என்று தன்னைத் தானே வினவிக்கொள்ளும் நிலையில் அவ்விளைஞன் நிற்கின்றான்.

வேறு வழி இல்லையோ?

உண்டு. அதனைத் துணிந்து கண்டதும் ஓர் அமெரிக்கக் கலாசாலையே. சிக்காகோ சர்வகலாசாலை பெரிய பத்தை நிறுவியோருள் ஒன்று. ஹைஸ்மன் பரிசு எனப்படும் உயர்ந்த பந்தாட்டப் பரிசை 1935இல் முதன்முதற் பெற்ற பர்வாங்கர் அதன் மாணாக்கர். ஆயினும் 1939இல் அதன் தலைவர் ஹட்சின்ஸ், ஆட்டம் கல்வியை விழுங்குகிறது என்று கருதிக் கலாசாலைக் கால்பந்தை அறவே நிறுத்தினார்; 1946இல் சங்கத்தையும் விட்டு நீங்கினர். வெறுமையுற்ற அப்பந்தாட்ட அரங்கின் படிக்கட்டுகளின் கீழேதான், 1942 டிசம்பர் 2ஆம் நாள், மனிதன் முதன்முதல் அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்திக் காட்டினான். ஆட்டத்தை இழந்ததால் சிக்காகோவின் கல்விப் புகழ் குன்றவில்லை; இன்றும் உலகின் தலைசிறந்த சர்வகலாசாலைகளுள் ஒன்றாக அது நிலவுகின்றது. 1969இல் கால்பந்தும் அங்கே மீண்டது. பொருளும் ஆரவாரமும் இல்லாத சிறிய நிலையில், மாணாக்கர் மாலைப்பொழுதில் ஆடும் ஆட்டமாக மீண்டது.

எல்லாக் கலாசாலைகளும் சிக்காகோவைப் பின்பற்றுக என்று கூற யாம் துணிந்திலோம். கால்பந்தின் வருவாயால் நீச்சலும் ஓட்டமும் பிழைத்திருக்கும் கலாசாலைகள் பல. ஆண்டுதோறும் பழைய மாணாக்கரை மீண்டும் கலாசாலைக்கு அழைத்து வருவதும் அவ்வாட்டமே. இண்டியானாவின் வெற்றியன்று மகிழ்ந்த முதியோர் பலர், தம் வாழ்நாளெல்லாம் அக்கட்சியின் தோல்வியையே கண்டு, எனினும் கைவிடாது நின்றவர்கள். அவ்வன்பை எந்நிறுவனமும் உண்டாக்கியதன்று, கலாசாலை உண்டாக்கியது. நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்குவதும் அவ்வன்பையே.

யாம் கூற விழைவது ஒன்றே. பங்கு எவ்வாறு பிரிக்கப்படுகின்றதோ அவ்வாறே சங்கம் உருவெடுக்கும். சங்கம் எவ்வாறு உருவெடுக்கின்றதோ அவ்வாறே வாகையும் அமையும். அமெரிக்கக் கலாசாலைகள் வாகைப் போட்டியில் இடம் நான்கா, பன்னிரண்டா, அதற்கும் மேலா என்று ஆண்டுதோறும் வழக்காடுகின்றன. பங்கைப் பற்றிய வினாவைத் தீர்க்காத வரையில் இடத்தைப் பற்றிய வினாவும் தீராது. எதிரி இல்லையேல் ஆட்டம் இல்லை. தோற்போர் இல்லையேல் வாகை இல்லை. ஆகலின், தன்னோடு ஆடுவோனும் நாளை களத்தில் நிற்கத்தக்கவாறு பகுத்துண்ணுதல் வென்றோர்க்கும் நலமே பயக்கும். அதனை முதலில் உணர வேண்டியவை, பிறர்க்குக் கணக்குக் கற்பிக்கும் கலாசாலைகளே.